வண்டி நம்முடையது, சாவி யாருடையது?

சென்ற ஐப்பசியில் கும்பகோணத்தில் நடந்த உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு, நானும் என் மனைவியும் இரவு நேரத்தில் காரில் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். விக்கிரவாண்டியில் நெடுஞ்சாலையைத் தொட்டவுடன் பிடித்துக்கொண்ட மழை, திண்டிவனத்தை நெருங்கும்போது முன்னே சென்ற லாரியின் பின்விளக்குகள்கூடப் புலப்படாத அளவுக்கு வலுத்துவிட்டது. அதே சமயத்தில், உள்ளே இருந்த எங்கள் மூச்சின் ஈரத்தால் முன்கண்ணாடி முழுவதும் வெண்படலம் மூடத் தொடங்கியது. நாற்பது வருஷமாக வண்டி ஓட்டிவரும் எனக்கு அதற்குப் பரிகாரம் தெரியாமல் இல்லை. காற்றைக் கண்ணாடியின் பக்கம் திருப்பி, விசிறியின் வேகத்தைக் கூட்டினால் ஒரு நிமிஷத்துக்குள் படலம் விலகிவிடும். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் நான் வாங்கிய அந்தப் புதிய வண்டியில் அந்தக் காரியத்துக்கென்று ஒரு குமிழோ பொத்தானோ கிடையாது. வண்டியின் நடுவில் பலகைபோல் நிற்கிற தொடுதிரையில் முதலில் வரைபடத்தை மூடி, பிறகு ஏ.சி.க்குரிய பக்கத்தைத் திறந்து, அதில் கடுகளவாக வரைந்திருக்கும் சித்திரங்களுள் சரியானதைக் கண்டுபிடித்துத் தொட வேண்டும். ஈரம் பட்ட என் விரலுக்குத் திரை இரண்டு முறை பதில் சொல்லவில்லை. மூன்றாம் முறை பாட்டைத் தொடங்கிவைத்தது. என் மனைவி கைப்பையைத் துழாவி, மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்து அந்தச் சித்திரத்தைத் தொடுவதற்குள், ஏறக்குறையக் கண்ணைக் கட்டிவிட்ட நிலையில் எங்கள் வண்டி ஓடிய தூரத்தை நினைத்தால் இன்றைக்கும் என் நெஞ்சு பதறுகிறது.

அதற்கு முன் நான் வைத்திருந்த வண்டிகளில் முழங்காலுக்குச் சற்று மேலே மூன்று குமிழ்கள் இருக்கும். எது விசிறி, எது குளிர்ச்சி, எது காற்றின் திசை என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. நடு இரவில் விழித்து எழுகிறவனுடைய கால்கள் விளக்கைப் போடாமலே தண்ணீர்ப் பானை இருக்கும் மூலைக்குப் போய் நிற்பதுபோல், என் கை தானாகவே அந்தக் குமிழிடம் போய் நிற்கும். எத்தனை முறை திருகினோம் என்பதை விரலே எண்ணிக்கொள்ளும். பழக்கத்தினால் உடம்புக்குக் கிடைக்கிற இந்த ஞானம் சாமானியமானதன்று. வண்டியோட்டுவதில் கண்ணுக்கு இருக்கிற வேலை சாலையைப் பார்ப்பது ஒன்றே; மற்றவற்றைக் கையும் காலும் காதும் பங்கிட்டுக்கொள்கின்றன. வழவழப்பான கண்ணாடிப் பலகையில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஆகையால் விரல் தடவித் தெரிந்துகொள்ள வழியில்லை. ஒவ்வொரு சிறு காரியத்துக்கும் கண் சாலையை விட்டு அங்கே போயே தீரவேண்டியிருக்கிறது.

நான் மின்னணுச் சாதனங்களுக்கு விரோதி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கிப் போகாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக்கை, ஜெர்மானிய நாட்டு பாஷ் ஸ்தாபனம் 1978-ஆம் வருஷம் மெர்ஸிடிஸ் பென்ஸ் கார்களுக்குக் கொடுத்ததிலிருந்து இன்றுவரை அது காப்பாற்றியிருக்கும் உயிர்களுக்குக் கணக்கே இராது. நம் நாட்டிலும் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் அது கட்டாயமாயிற்று. அதே வருஷம் ஜூலையிலிருந்து ஓட்டுநருக்கு ஏர்பேக்கும், வேக எச்சரிக்கையும், சீட் பெல்ட் நினைவூட்டும் ஒலியும், பின்னால் வரும்போது எச்சரிக்கும் சென்சாரும் கட்டாயமாயின. 2022-ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேரைச் சாலை விபத்தில் பலிகொடுத்த தேசத்தில் இவற்றை வேண்டாம் என்று சொல்கிறவன் மனிதத்தன்மை இல்லாதவன். கார்புரேட்டர் போய், எரிபொருளைக் கணித்துச் செலுத்தும் இன்ஜெக்‌ஷன் முறை வந்திராவிட்டால் நம் நகரங்களில் இன்று மூச்சுவிட முடியாது. இந்தக் கருவிகள் எல்லாம் சாரதியின் கண்ணையும் கவனத்தையும் கேட்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆபத்துக் காலத்தில் அழைக்காமலே வந்து உதவிவிட்டுப் போகிற அயலாரைப்போல அவை இருக்கின்றன. என் ஆட்சேபமெல்லாம், ஒரு நன்மையும் கூட்டாமல், இருந்த வசதியை எடுத்துக் கண்ணாடிக்குள் புதைத்து, அதற்கு நாகரிகம் என்று பெயர் சூட்டி, விலையையும் உயர்த்தி விற்கிற செயலைப் பற்றியதுதான்.

என் அனுபவம் வயதான ஒருவனுடைய தடுமாற்றம் என்று இளைஞர்கள் தள்ளிவிடக்கூடும். ஆகையால் ஸ்வீடன் தேசத்து மோட்டார்ப் பத்திரிகையாகிய வி பீலேகரே 2022-இல் நடத்திய பரிசோதனையை எடுத்துச் சொல்கிறேன். புதிய கார்கள் பதினொன்றையும், 2005-ஆம் வருஷத்து வால்வோ ஒன்றையும் ஒரு விமான ஓடுதளத்துக்குக் கொண்டுபோய், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியபடியே, கண்ணாடிப் படலத்தை நீக்குவது, ரேடியோவில் குறிப்பிட்ட நிலையத்தை வைப்பது போன்ற நான்கு காரியங்களைச் செய்யச் சொன்னார்கள். வண்டியோடு பழகிக்கொள்ள முன்னதாகவே அவகாசமும் கொடுத்தார்கள். பொத்தான்களும் குமிழ்களும் நிறைந்த அந்தப் பதினேழு வயது வால்வோவில் எல்லாம் 10 விநாடியில் முடிந்தன. அதற்குள் வண்டி ஓடிய தூரம் 306 மீட்டர். கடைசியாக வந்த புதிய கார் எடுத்துக்கொண்டது ஏறக்குறைய 45 விநாடி. ஓடிய தூரம் 1,370 மீட்டருக்குமேல். ஒன்றே கால் கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம், பாதிக் கவனத்தோடு ஓடுகிற வண்டியை, ஆடும் மாடும் சைக்கிளும் எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனமும் கலந்து செல்கிற நம் ஊர்ச் சாலையில் வைத்து வாசகர்கள் கற்பனை செய்து பார்க்க வேண்டும்.

வண்டி ஓட்டிக்கொண்டே செல்போனைக் கையில் எடுத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவின்படி குற்றம். 2019-இல் செய்த திருத்தம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. நல்ல சட்டம். கையளவு திரை கவனத்தைக் கலைக்கும் என்று ஒப்புக்கொண்ட நாம், அதைப்போல மூன்று மடங்கு பெரிய திரையை வண்டியிலேயே பொருத்தி, அதைத் தொடாமல் ஏ.சி.யைக்கூடக் குறைக்க முடியாதபடி அமைத்து விற்பதற்கு எந்த நியாயத்தின்படி அனுமதி கொடுக்கிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

மேல்நாட்டில் விவேகம் திரும்பிக்கொண்டிருக்கிறது. கார்களின் பாதுகாப்பை அளந்து நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப் ஸ்தாபனம், 2026 முதல், திசைகாட்டும் விளக்கு, அபாய விளக்கு, ஹார்ன், வைப்பர், அவசர உதவி அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் தொட்டு இயக்கும் தனிச் சுவிட்சு இல்லாத வண்டிகளுக்கு முழு மதிப்பெண் கொடுப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறது. பொத்தான்களை ஒழிப்பதில் முன்னால் நின்ற வோக்ஸ்வாகன் கம்பெனியின் தலைமை வடிவமைப்பாளரே, 2025-இல், அது பிழை என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, இனி வரும் வண்டிகளில் முக்கியமான பொத்தான்களைத் திரும்ப வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். பிழையை ஒப்புக்கொள்ளும் மனம் பாராட்டத்தக்கது. 2023 அக்டோபரில் தொடங்கிய நமது பாரத் என்கேப் திட்டத்திலும் இந்த விதியைச் சேர்ப்பதற்கு அரசாங்கத்துக்குப் பெரும் செலவு எதுவும் ஆகாது.

அந்த மழை இரவின் பிற்பகுதியை இன்னும் நான் சொல்லவில்லை. அது முற்பகுதியைவிடக் கசப்பானது.

கண்ணாடி தெளிந்து ஐந்து கிலோமீட்டர் போயிருக்க மாட்டோம். முகப்பில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கைந்து எச்சரிக்கை விளக்குகள் எரிந்தன. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி மணிக்கு 30 கிலோமீட்டருக்குமேல் போக மறுத்தது. திண்டிவனத்துக்குள் ஊர்ந்து வந்து, விடுதி ஒன்றில் இரவைக் கழித்து, மறுநாள் காலையில் விசாரித்தபோது, பஸ் நிலையத்துக்கு அருகில் முப்பது வருஷமாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கைக் காட்டினார்கள். அவர் பானெட்டைத் திறந்து, டார்ச் விளக்கைப் பிடித்துப் பார்த்த கால் மணி நேரத்திற்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கல்யாண வீட்டில் வண்டி நின்ற இரண்டு நாளில் எலி உள்ளே புகுந்து த்ராட்டிலுக்குப் போகும் ஒயரைக் கடித்திருந்தது. ஒயரைச் சீவி, முறுக்கி, ஈயம் வைத்து ஒட்டி, டேப் சுற்றி, கை கழுவிக்கொண்டு வந்தார். வேலை சுத்தமாக இருந்தது. ஆனால் விளக்குகள் அணையவில்லை. வண்டி பழையபடியே ஊர்ந்தது. தம்முடைய ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். பொதுவான சில குறியீடுகளை அது காட்டியது. அதற்கு மேல் உள்ளே போக அனுமதி இல்லை என்று நின்றுவிட்டது.

“ஒயரை நான் ஒட்டிட்டேன் சார். ஆனா ஒட்டினதை வண்டி ஒத்துக்கணுமே. அந்தச் சாவி கம்பெனிகிட்டதான் இருக்கு,” என்றார். அவர் முகத்தில் அப்போது தெரிந்த அவமானம் என் மனத்தைவிட்டு இன்னும் போகவில்லை. நோயைக் கண்டுபிடித்து மருந்தும் கொடுத்துவிட்ட வைத்தியர், நோயாளி எழுந்து நடப்பதற்கு வேறொருவருடைய சீட்டு வேண்டும் என்று சொல்ல நேர்வதுபோன்ற நிலைமை அது. கூலி வாங்கிக்கொள்ளவும் மறுத்தார். நான்தான் வற்புறுத்திக் கொடுத்தேன். கடைசியில் வண்டியை வேறொரு வண்டியின்மேல் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து சர்வீஸ் சென்டரில் விட்டோம். அங்கே ஒட்டுப்போட்ட ஒயரை ஏற்க முடியாது, ஒயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும், ரூ.60,000-க்குமேல் ஆகும், பொருள் வருவதற்கு மூன்று வாரம் பிடிக்கும் என்றார்கள். வேறு வழி இல்லாததால் சம்மதித்தேன்.

ஒரு சாண் ஒயருக்கு இவ்வளவு அனர்த்தம் ஏன் என்று சிந்திக்க வேண்டும். அந்தக் காலத்து வண்டியில் விளக்குக்கு ஒரு ஒயர், ஹார்னுக்கு ஒரு ஒயர் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதை இருந்தது. ஒன்று அறுந்தால் அந்த ஒன்றுதான் நிற்கும். சாதனங்கள் பெருகப் பெருக ஒயர்களின் பாரம் தாங்காமல் போகவே, 1986-இல் மேற்சொன்ன பாஷ் ஸ்தாபனமே கேன் என்ற முறையை வெளியிட்டது. வண்டியிலுள்ள சிறு கணினிகள் எல்லாம் இரண்டே கம்பிகளின் வழியாகத் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் இந்த ஏற்பாடு அபாரமான புத்திநுட்பம் உடையது என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் ஒரு சாதனம் பொய்ச் செய்தி அனுப்பினாலோ, செய்தியே அனுப்பாமல் நின்றாலோ, அதை நம்பியிருக்கும் மற்றவையும் தற்காப்பில் இறங்கிவிடுகின்றன. பழுது எங்கே என்று அறிய, அவை பேசும் மொழி தெரிந்தாக வேண்டும். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களிலும் கட்டாயமான பதினாறு முனைச் செருகி இன்று நம் வண்டிகளிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிறது. புகை சம்பந்தமான குறியீடுகளை அதன் வழியாக யாரும் படிக்கலாம். மற்றவற்றைப் பல கம்பெனிகள் பூட்டி வைத்திருக்கின்றன. பூட்டுக்குத் தொழில்நுட்பம் காரணமன்று, வியாபாரமே காரணம்.

இதன் விளைவு தொழிலாளியின் அடுப்பங்கரை வரையில் எட்டுகிறது. சென்னைப் புதுப்பேட்டையிலும், கோயம்புத்தூரிலும், சின்னஞ்சிறு ஊர்களின் பைபாஸ் ஓரங்களிலும், பள்ளிப் படிப்பு அதிகமில்லாமல், குருவின் பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தே வித்தை கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். இன்ஜின் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். அம்பாஸடரும் பத்மினியும் ஓடிய நாட்களில், நடுவழியில் நின்ற வண்டியைப் பத்துப் பதினைந்து ரூபாய் பாயிண்டும் பிளக்கும் போட்டு ஓட்டிவிடும் திறமை ஒவ்வொரு ஊரிலும் இருந்தது. பாட்டரி இறங்கினால் நாலு பேர் தள்ளிவிடுவார்கள். இப்போது வந்திருக்கும் மின்சாரக் கைப்பிரேக் உள்ள பல வண்டிகளில் பின்சக்கரத்துப் பிரேக் பேடை மாற்றுவதற்கே ஸ்கேனர் வேண்டும். சில வண்டிகளில் பாட்டரி மாற்றினால், மாற்றிய விஷயத்தைக் கணினியில் பதிவு செய்யாவிட்டால் அது ஏற்பதில்லை. பாட்டரி முழுவதும் இறங்கிவிட்டால் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவரக்கூட முடியாத வண்டிகள் இருக்கின்றன. அவற்றைத் தள்ளுவதும் இயலாது. தன் கண்ணெதிரே நிற்கும் பழுதைச் சரிசெய்யத் தெரிந்தும் கைகட்டி நிற்க வேண்டிய நிலைமைக்கு அந்தத் தொழிலாளிகளைத் தள்ளியிருக்கிறோம்.

சட்டம் இதைக் காணாமல் இல்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் பதினான்கு கார்க் கம்பெனிகளின்மேல் தீர்ப்பளித்தது. அசல் உதிரிப் பாகங்களையும், பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்து, வண்டி வாங்கியவர்களைத் தங்கள் சர்வீஸ் சென்டரையே நம்பியிருக்கும்படி நிர்ப்பந்தித்தது குற்றம் என்று கண்டு, மொத்தம் ரூ.2,544 கோடிக்குமேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது; விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டுச் சாமான்கள் ஆகியவற்றோடு மோட்டார் வாகனங்களும் அதன் வரம்புக்குள் வந்தன. அந்த வருஷத்து டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தார்கள். அதில் தொலைபேசி எண்களும் கையேடுகளும் இருக்கின்றன. திண்டிவனத்து மெக்கானிக்கின் ஸ்கேனர் திறக்கவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணம் 2012-லேயே, கம்பெனியின் பட்டறைக்குக் கிடைக்கும் பழுதறியும் செய்திகள் வெளிப் பட்டறைக்கும் நியாயமான விலையில் கிடைக்க வேண்டும் என்று சட்டம் செய்துவிட்டது. நாம் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்.

சென்னைவாசிகளுக்கு மற்றொரு கவலையும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய கார்களின் நிலையை நேரில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இருக்கைக்கு அடியிலும் தரை விரிப்புக்குக் கீழேயும் ஓடுகிற ஒயர்களிலும் பெட்டிகளிலும் புகுந்த சேற்றுநீர், வண்டி காய்ந்து ஓடத் தொடங்கிய பிறகும், மாதக் கணக்கில் இணைப்புகளை அரித்துக்கொண்டே இருந்தது. 2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்த உடனே வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தின்மேல் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அவர்கள் காப்பாற்ற விரும்பியது இரும்பை அன்று. நனைந்தால் மீளாத அந்தக் கணினிகளைத்தான்.

சந்தாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிஎம்டபிள்யூ கம்பெனி, வண்டியிலேயே பொருத்தியிருக்கும் இருக்கைச் சூடேற்றிக்கு மாதச் சந்தா கேட்கும் திட்டத்தை 2022-இல் சில நாடுகளில் கொண்டுவந்து, ஜனங்களின் கோபத்தைக் கண்டு மறுவருஷம் கைவிட்டது. 2023-இல் மொஸில்லா நிறுவனம் 25 கார் நிறுவனங்களை ஆராய்ந்து, வாங்கியவரின் அந்தரங்கத்தைக் காப்பதில் ஒன்றுகூடத் தேறவில்லை என்று அறிவித்தது. காசு கொடுத்து வாங்கிய பிறகும் பொருள் முழுவதும் நம்முடையதாகவில்லை என்பதற்கு இவை போதுமான சாட்சி.

மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தையும் நுகர்வோர் விவகாரத் துறையையும் நான் கேட்டுக்கொள்வது இரண்டே விஷயங்கள். கண்ணாடிப் படலத்தை நீக்குவதற்கும், வைப்பருக்கும், விளக்குகளுக்கும், ஏ.சி.க்கும் கையால் தடவி அறியக்கூடிய தனிச் சுவிட்சு இல்லாத வண்டிக்குப் பாரத் என்கேப்பில் முழு நட்சத்திரம் கொடுக்கக் கூடாது. பழுதறியும் மென்பொருளை எந்த ஊர் மெக்கானிக்கும் கட்டணம் செலுத்திப் பெறும்படி விதி செய்ய வேண்டும். வழக்கு மன்றத்தில் பதினான்கு கம்பெனிகளோடு வாதாடுவதற்கு அந்த மனிதர்களிடம் பணமும் இல்லை, பொழுதும் இல்லை.

கார் வாங்க உத்தேசித்திருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். முன்பணம் கொடுப்பதற்கு முன், ஷோரூமில் நிற்கும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் சாவகாசமாக உட்காருங்கள். எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு, பார்வையை அதைவிட்டு எடுக்காமல், முன்கண்ணாடிப் படலத்தை நீக்கும் காற்றைத் திறந்து, விசிறியைக் கூட்டி, வைப்பரின் வேகத்தை மாற்றிப் பாருங்கள். முடியாவிட்டால் அந்த வண்டியை வாங்காதீர்கள். ஏன் வாங்கவில்லை என்பதை ஒரு காகிதத்தில் எழுதி, கையெழுத்திட்டு, மானேஜரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.